செவலைக்குப் பத்து நாள்

உலகம்மாள் ஆஸ்பத்திரிக்குக் காட்ட வந்தது வலது காலை. இடது காலை யாரும் பார்த்துவிடக் கூடாது. அதனால் அவசர சிகிச்சைப் பிரிவின் இரும்பு பெஞ்சில் உட்கார்ந்த நேரத்திலிருந்து இடது காலை பெஞ்சுக்கு அடியில் மடக்கி வைத்துக்கொண்டு சேலைக் கரையைக் கீழே இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். இழுக்கிற இழுப்பில் கொசுவமே அவிழ்ந்துவிடும் போலிருந்தது. வலது பாதத்தில் சுற்றியிருந்த துண்டு ரத்தத்தில் ஊறிக் கறுத்துவிட்டது, அதைப் பற்றி அவளுக்கு ஒரு கவலையும் இல்லை. பாட்டில் சில்லு கிழித்த காயம், நாலு தையல் போட்டால் மூடிக்கொள்ளும். கவலையெல்லாம் இடது கெண்டைக்காலில் இருந்தது. பார்த்தால் அது ஒரு காயமே இல்லை. நாலு புள்ளி, ஒரு கீறல், பொருக்குத் தட்டி ஆறிக்கொண்டு வருகிறது. ஆறிக்கொண்டு வருவதுதான் பயமாக இருந்தது, வெளியே ஆறி உள்ளே போகிறதோ என்று. உள்ளே போய், நரம்பைப் பிடித்து, ஒரு நாளைக்கு இத்தனை விரற்கடை என்று மேலே ஏறிக்கொண்டிருக்கிறதோ. முழங்காலைத் தாண்டியிருக்குமா? பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பாட்டிலைத் திறந்து கடகடவென்று தண்ணீர் குடித்தார். அந்தச் சத்தத்துக்கு உலகம்மாளின் தொண்டை தானாக ஒருமுறை விழுங்கிப் பார்த்தது. விழுங்க முடிந்தது. சரி. வெள்ளிக்கிழமையிலிருந்து இதுதான் அவளுக்கு வேலை. எழுந்ததும் ஒரு செம்புத் தண்ணீர், பத்து மணிக்கு ஒரு மடக்கு, பதினொன்றுக்கு ஒரு மடக்கு. தண்ணீரைக் கண்டால் பயம் வருகிறதா, தொண்டை இழுக்கிறதா? வரவில்லை. ஆனால் வருகிறதா வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பதும் ஒரு பயம்தானே, அப்படியானால் வந்துவிட்டதா? அவள் பிழைப்பே தண்ணீரைப் பார்க்கிற பிழைப்பு. கொசு ஒழிப்பில் தினக்கூலி, மஸ்தூர் என்று பெயர். வீடு வீடாகப் போய்த் தொட்டி, டிரம், பூச்சட்டி, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற தட்டு எல்லாவற்றிலும் டார்ச் அடித்துப் புழு நெளிகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். நேற்று ஒரு வீட்டு டிரம்முக்குள் குனிந்தவள், தண்ணீரில் தன் முகம் ஆடுவதைக் கண்டு துள்ளி நிமிர்ந்து டார்ச்சை உள்ளேயே போட்டுவிட்டாள். "என்னக்கா, பேயக் கண்டியளா?" என்று வீட்டுக்காரி சிரித்தாள். உலகம்மாளும் சிரித்தாள். டார்ச்சை எடுக்கக் கையை விட்டபோது மயிர்க்கால் குத்திட்டு நின்றது. தண்ணீர் குளிர்ந்ததாலா, பயத்தாலா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

செவலை கெட்ட நாய் இல்லை. அதைச் சொல்லித்தான் முதல் நாள் மனசைத் தேற்றினாள். குட்டி போட்டிருந்தது, அவ்வளவுதான். மூன்றாம் தெருக் கடைசி வீட்டில், காம்பவுண்டுச் சுவருக்கும் டிரம்முக்கும் நடுவில் நாலு குட்டி கண் திறக்காமல் கிடந்ததை உலகம்மாள் கவனிக்கவில்லை. டிரம்முக்குள் தலையை விட்டிருந்தாள். பின்னாலிருந்து சத்தமே இல்லாமல் வந்து கெண்டைக்காலைக் கவ்வியது. குரைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், குரைத்துக் கடிக்கிற நாய் நல்ல நாய், குரைக்காமல் கடித்தால்தான் சந்தேகம் என்று யாரோ சொன்னது அந்த நேரத்திலா ஞாபகம் வர வேண்டும்? குழாயடியில் உட்கார்ந்து சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவினாள். கழுவத் தெரியும். கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்றும் தெரியும், எத்தனை பேரை அவளே ஓட்டியிருக்கிறாள். "மொளகாப்பொடி வைக்காதிய, சுண்ணாம்பு தடவாதிய, இன்னைக்கே போயி ஊசி போடுங்க" என்று எத்தனை வாசலில் நின்று சண்டை பிடித்திருக்கிறாள். ஊருக்குத்தானடி உபதேசம், உனக்கில்லையடி பெண்ணே. வீட்டுக்குப் போனாள், கதவைச் சாத்தினாள், துணியைச் சுற்றினாள், யாரிடமும் மூச்சு விடவில்லை. கோயம்புத்தூரில் கம்பெனி வேலை பார்க்கிற மகள் ஆதி சாயங்காலம் போனில் "சாப்ட்டியாம்மா" என்று கேட்டதற்கு "ஆங், ஆச்சு" என்றாள். நாயைப் பத்து நாள் பார்த்தால் போதும் என்று ஒரு கணக்கு ஊரில் இருக்கிறது. நாய் பத்து நாளும் நல்லா இருந்தால் கடிபட்டவரும் நல்லா இருப்பார். ஊசியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் பார்க்க வேண்டிய கணக்கு அது, ஊசிக்குப் பதிலாகப் பார்க்கிற கணக்கு இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும். தெரிந்தென்ன? சனிக்கிழமை பால் பன்னோடு போனாள். செவலை வாலை ஆட்டிக்கொண்டு வந்து தின்றது. ஞாயிற்றுக்கிழமை தயிர்சோறு. தட்டில் தண்ணீர் ஊற்றி வைத்து, அது நக்கிக் குடிக்கிற சத்தத்தை ஒரு கச்சேரியாக நின்று கேட்டாள். குடி தாயே, குடி, இன்னும் கொஞ்சம் குடி. திங்கட்கிழமை பாதி தின்றது, பாதியை விட்டது. ஏன் விட்டது? வயிறு நிறைந்திருக்கும். செவ்வாய்க்கிழமை செவலை இல்லை. குட்டிகள் மட்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, தாயின் மடியைத் தேடி, சுவரைச் சப்பிக்கொண்டிருந்தன. கண் திறக்காத குட்டியை விட்டுவிட்டுத் தாய் நாய் எங்கே போகும்? ஒன்று செத்திருக்க வேண்டும். இல்லை, தன் குட்டி எது என்று தெரியாத நிலைக்குப் போயிருக்க வேண்டும். இன்று காலை விடிந்ததும் தேடக் கிளம்பி, "செவல, செவல" என்று கூப்பிட்டுக்கொண்டே வாறுகால் சாக்கடைக்குள் இறங்கி, பாலத்துக்கு அடியில் ஏதோ சிவப்பாகக் கிடக்கிறதே என்று எட்டி வைத்த அடியில்தான் பாட்டில் சில்லு ஏறியது. சிவப்பாகக் கிடந்தது ஒரு கிழிந்த சாக்கு.

இந்த ஆஸ்பத்திரி வாடையே அவளுக்கு ஆகாது. டெட்டால், ஸ்பிரிட், ஈரத்துணி, யாருடைய பயமோ வேர்த்த வேர்வை. நடுவில் ஒரு மேஜை, மேஜைமேல் தட்டு, தட்டில் பஞ்சு, பஞ்சுக்குப் பக்கத்தில் உறை பிரிக்காத ஊசிகள். பார்க்க வேண்டாம் என்று முகத்தைத் திருப்பினாள். திருப்பிய பக்கத்தில் சுவரில் ஒரு படம், ஒரு கை, கையில் ஊசி, சிரிக்கிற குழந்தை. ஊசி என்றால் உலகம்மாளுக்கு ஒரே ஒரு கைதான். புருஷன் நயினாரின் இடது கை, தோளுக்குக் கீழே, சட்டையை அவளேதான் சுருட்டிவிட்டாள். கொரோனா வருஷத்தில் கொசுவை விட்டுவிட்டுக் காய்ச்சல் கணக்கெடுக்கவும் முகாமுக்கு ஆள் சேர்க்கவும் மஸ்தூர்களை அனுப்பினார்கள். உலகம்மாள் அதில் கெட்டி. தெருவில் ஊசியக்கா என்றே பெயராகிவிட்டது. "நான் போட்டுட்டேன், எனக்கு என்ன ஆயிட்டு, கொம்பா மொளச்சிட்டு?" என்று தலையைக் குனிந்து காட்டுவாள், கேட்டவர்கள் சிரித்துவிடுவார்கள், சிரித்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. யார் வருவார், யார் வர மாட்டார் என்று வாசலிலேயே அவளுக்குத் தெரிந்துவிடும். "வாரேன் வாரேன், நீங்க போங்க" என்கிறவர்கள் வர மாட்டார்கள். "எத்தன மணிக்கு வரணும்" என்று கேட்கிறவர்கள்தான் வருவார்கள். அது ஒரு நாளும் தப்பியதில்லை. ஊரெல்லாம் சேர்த்தவள் வீட்டில் ஒருவர் வராமல் இருந்தார். பாத்திரக்கடையில் எவர்சில்வரில் பேர் வெட்டுகிறவர், நாள் முழுக்கக் கையில் வெட்டு ஊசியை வைத்துக்கொண்டு கிர்ரென்று அடுத்தவர் பெயரை எழுதுகிற மனுஷன், டாக்டர் ஊசி என்றால் பிள்ளைபோல் பயப்படுவார். "மஸ்தூர் புருஷனே போடலன்னு ஊரு சிரிக்கி" என்று மூன்று நாள் பேசாமல் இருந்தாள். நாலாம் நாள் வந்தார். பள்ளிக்கூடத்து பெஞ்சில் உட்கார்ந்து முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, "நீ சொன்னா வெசத்தையும் குடிப்பேன் உலகு" என்றார், விளையாட்டுக்குத்தான். பக்கத்திலிருந்த பெண்களெல்லாம் சிரித்தார்கள். பதினோராம் நாள் கடையில், பாதிப் பெயர் வெட்டிக்கொண்டிருந்தபோது, முன்னால் சாய்ந்தார். போன் வந்தது பதினோரு மணிக்கு. அன்றைக்குக் காலையில் ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருந்தார், காலையில் ஒன்றுமே இல்லை. சாவு வீட்டில் துஷ்டி கேட்க வந்த யாரோ ஒருத்தி, முகம்கூட ஞாபகமில்லை, "ஊசி போட்டுப் பதினோரு நாள்தானளா ஆவுது?" என்றாள். விழப்போகிறவள் சுவரைப் பிடிக்கிற மாதிரி உலகம்மாள் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். ஊசி. ஊசிதான். அதற்குப் பிறகு அவள் வேலைக்குப் போனாள், டிரம்மில் டார்ச் அடித்தாள், "ரெண்டாவது ஊசி போடணுமாக்கா?" என்று கேட்டவர்களிடம் டிரம்முக்குள் குனிந்தபடியே "ஒங்க இஷ்டம்" என்றாள். இரண்டாவதை அவளும் போட்டுக்கொள்ளவில்லை. தலைவலி ஊசி, சத்து ஊசி, ஒன்றும் போடவில்லை.

"உலகம்மா! யாரு உலகம்மா?" என்று கூப்பிட்டார்கள். நொண்டிக்கொண்டு போனாள், இடது காலை நன்றாக ஊன்றினால் சந்தேகம் வராது என்று ஊன்றி நடந்தாள், வலது கால் உயிர் போனது. டூட்டி டாக்டர் சின்ன வயசு, கண்ணெல்லாம் தூக்கம். துண்டை அவிழ்த்துப் பார்த்து "மூணு தையல். மரத்துப்போக ஊசி போடுறேன்" என்றார். "வேண்டாம் சார். சும்மா தையுங்க." டாக்டர் நிமிர்ந்தார். "வலிக்கும்மா." "வலிக்கட்டும் சார்." பக்கத்தில் நின்ற நர்ஸ் அவளை ஒரு பார்வை பார்த்தாள். முப்பத்தைந்து வயசிருக்கும், மாநிறம், நெற்றியில் பொட்டு இல்லை, சட்டைப்பையில் ஜெபரூபி என்று பெயர். டாக்டர் தோளைக் குலுக்கிவிட்டுத் தைத்தார். உலகம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டில் கம்பியைப் பிடித்திருந்தாள், கண்ணில் தண்ணீர் கொட்டியது, ஒரு சத்தம் இல்லை. நூல் கோத்த ஊசிக்கு அவள் பயப்படவில்லை. துணி தைக்கிற ஊசி மாதிரிதானே அது. மருந்து நிரம்பின ஊசிதான் வேறு. டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார். ஜெபரூபி கட்டுப்போட உட்கார்ந்தாள். "அக்கா, ரணஜன்னிக்கு டிடி ஊசி போட்டுருக்கியளா?" "போட்டாச்சு." "எப்பம்?" "போன... போன மாசம்." "எதுக்குப் போட்டிய?" வாசலில் நின்று இந்தக் கேள்விகளையெல்லாம் கேட்கிறவள் உலகம்மாள், பதில் சொல்லிப் பழக்கமில்லை. "இந்தக் கால நீட்டுங்க, ரத்தம் ஒழுகிருக்கு, தொடைக்கேன்" என்று ஜெபரூபி இடது காலைப் பிடித்தாள். உலகம்மாள் காலை இழுத்தாள். அந்த இழுப்பில்தான் எல்லாம் கெட்டது. அடிபட்ட காலைப் பேசாமல் நீட்டின பொம்பளை அடிபடாத காலை ஏன் இழுக்கிறாள்? ஜெபரூபி சேலைக் கரையை இரண்டு விரலால் மெல்லத் தூக்கினாள். நாலு புள்ளி, ஒரு கீறல். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அதையே பார்த்தார்கள், மூன்றாவதாக ஒரு ஆள் வந்து உட்கார்ந்த மாதிரி. "எந்த நாயி?" "தெரு நாயி. குட்டி போட்ட நாயி." "எப்பம்?" "வெள்ளிக்கெழம." "இன்னைக்குப் புதன்." "நாயப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன் சிஸ்டர். நல்லா இருக்கு. தின்னுது, குடிக்கி." "இன்னைக்குப் பாத்தியளா?" உலகம்மாள் பார்த்தேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். "காணல" என்று வந்தது. "நேத்துலருந்து காணல. அதத் தேடிப் போயித்தான் கால் கிழிஞ்சிட்டு."

ஜெபரூபி திட்டுவாள் என்று உலகம்மாள் காத்திருந்தாள். திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும், பதிலுக்குப் பேசலாம், கோபித்துக்கொண்டு எழுந்து போகலாம், எத்தனை பேர் அவளிடம் அப்படி எழுந்து போயிருக்கிறார்கள். ஜெபரூபி கட்டின் நுனியை ஒட்டிவிட்டு நிதானமாகச் சொன்னாள். "தொப்புளச் சுத்திப் பதினாறு ஊசியெல்லாம் இப்பம் இல்லக்கா. ரெண்டு மேல்கையிலயும் சின்னக் குத்து. இன்னைக்கு, மூணாம் நாளு, ஏழாம் நாளு, இருவத்தெட்டாம் நாளு. பல்லு பட்ட எடத்துலயும் ஒரு மருந்து ஏத்தணும், அது வலிக்கும், பொய் சொல்ல மாட்டேன். நேரமாயிட்டுதான், ஆனா நேரம் தப்பிரல. அந்தச் சீக்கு வந்தபொறவு எங்ககிட்ட மருந்து இல்ல. வரதுக்கு முந்தித்தான் இருக்கு." "ஊசி எனக்கு ஆவாது." "போட்டா ஒடம்பு ஊதுமா? மூச்சு எளைக்குமா?" "அதில்ல. எங்க வீட்டுக்காரவிய ஊசியாலதான் போனாவ." சொல்லிவிட்டாள். இந்த ஒரு வரியைச் சொன்னால் யாரும் மேலே பேச மாட்டார்கள், சாவு வீட்டைக் கடக்கிறவர்கள் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவார்கள். ஜெபரூபி போகவில்லை. "எப்பிடிக்கா? சொல்லுங்க" என்றாள். "கொரோனா ஊசி. போட்டுப் பதினோராம் நாளு. நெஞ்சடைப்பு." "அன்னைக்கு என்ன செஞ்சிட்டு? காலையிலருந்தே மேலுக்குச் சரியில்லையா?" "காலையில ஒண்ணுமில்ல" என்றாள் உலகம்மாள், கேள்வி முடியும் முன்னே. அவ்வளவு வேகமாகச் சொன்னது அவளுக்கே கேட்டது. ஜெபரூபி அவள் முகத்தைப் பார்த்தாள். "டாக்டர்ட்ட சீட்டு எழுதி வாங்கி, ஐஸ் பெட்டிலருந்து மருந்த எடுத்துட்டு வாரேன். பத்து நிமிஷம் ஆவும். வேண்டாம்னா நான் பிடிச்சுக் குத்த முடியாது. வேண்டாம்னு இருந்தாலும் எங்கிட்டச் சொல்லிட்டுப் போங்க, சொல்லாமப் போயிராதிய" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பத்து நிமிஷம். வாசல் நாலு எட்டில் இருந்தது. நொண்டிக்கொண்டு போனால் ஆறு எட்டு. வெளியே ஆட்டோ நிற்கும், வீட்டுக்குப் போகலாம், நாளைக்குச் செவலை வந்துவிடும், எங்கேயாவது எச்சில் இலை பொறுக்கப் போயிருக்கும், வந்து குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டு கிடக்கும். வராவிட்டால்? ஒரு மாசமோ இரண்டு மாசமோ கழித்து ஒரு நாள் செம்பைத் தூக்கும்போது தொண்டை இழுக்கும். கதவைச் சாத்தி வைப்பார்கள். ஆதி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நிற்பாள், கிட்டே வர விட மாட்டார்கள். வேண்டாம். ஊசியைப் போட்டுக்கொள்ளலாம், போட்டால் ஒன்றும் ஆகாது, எத்தனை பேர் போட்டுக்கொண்டு எழுந்து போனார்கள், முகாமில் அன்றைக்கு மட்டும் எத்தனை பேர், அந்தப் பள்ளிக்கூடத்து வாத்தியார், கீரைக்காரி, கர்ப்பிணிப் பெண்கள், எண்பது வயசுக் கிழவர் ஒருவர், அவர் இன்னும் தெருமுனையில் உட்கார்ந்து பீடி குடிக்கிறார். எல்லாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அவருக்கு மட்டும் ஆனதென்றால், ஊசியால் இல்லை என்றால், அப்புறம் எதனால்? இங்கேதான் எப்போதும் வந்து நிற்கும். இதற்கு மேல் அவள் மனசை நடக்க விட்டதில்லை. இது வரைக்கும் வந்து ஊசி, ஊசிதான் என்று திரும்பிவிடுவாள், வேலி அடைத்த இடத்திலிருந்து திரும்புகிற மாடு மாதிரி. இன்றைக்குத் திரும்பப் போனபோது கெண்டைக்கால் சுருக்கென்றது. ஏறுகிறது. எங்கே வரைக்கும் ஏறியிருக்கும்? பயத்தில் வேர்த்தது, நெஞ்சு அடித்துக்கொண்டது, நெஞ்சு, இடது கை கனக்கிறதா, இல்லை, கனப்பது அவள் கையில்லை. "கை கனக்கு உலகு." காலையில். காலையில் ஒன்றுமில்லை. காலையில் ஏழு மணி, அவள் கொண்டை போட்டுக்கொண்டிருந்தாள், அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டிருந்தாள், ஏழரைக்குக் கணக்கெடுப்பு, சூப்பர்வைசர் கத்துவார். அவர் அடுக்களைப் படியில் உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார். "ஒரு மாதிரி கரிக்கு. இந்தக் கை வேற கனக்கு." அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ராத்திரி நாலு புரோட்டாவத் தின்னா கரிக்காம மணக்குமா? கேஸு." ஓமத்தண்ணீரைக் காய்ச்சினாள், டம்ளரில் ஊற்றினாள், அந்த டம்ளரில் உலகு என்று அவர் வெட்டியிருந்தார், கல்யாணமான புதிதில், யாருக்கும் தெரியாமல் அடிப்பக்கத்தில். குடித்தார். ஏப்பம் விட்டார். "ஆமா, இப்பம் கொள்ளாம்" என்றார். அவளைச் சந்தோஷப்படுத்தத்தான் அப்படிச் சொன்னார், முகம் வேர்த்திருந்தது, விளக்கு வெளிச்சத்தில் மின்னியது, அவள் பார்த்தாள், பார்த்தாளே, வேர்வையைப் பார்த்துவிட்டுத்தான் செருப்பைப் போட்டாள். நாள் முழுக்க அடுத்த வீட்டு வாசலில் நின்று "காய்ச்சல் இருக்கா, மூச்சு முட்டுதா, நெஞ்சு வலிக்கா" என்று கேட்டு எழுதுகிறவள், தன் வீட்டில் ஒருவர் கேட்காமலே சொன்னதை எழுதிக்கொள்ளவில்லை. டம்ளர் பரணில் இருக்கிறது. இத்தனை வருஷமாக அவள் அந்தப் பரணில் ஏறவில்லை.

"என்னக்கா முடிவு?" என்று குரல் கேட்டது. ஜெபரூபி தட்டோடு நின்றாள். தட்டில் பஞ்சு, சின்ன மருந்துக்குப்பி, ஊசிகள். உலகம்மாள் போகாமல் உட்கார்ந்திருந்ததே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. சேலை முந்தானை முழுக்க நனைந்திருந்தது. "சிஸ்டர்." "சொல்லுங்க." "அவிய நெஞ்சு கரிக்குன்னு சொன்னாவ. கை கனக்குன்னு சொன்னாவ. நான் ஓமத்தண்ணி குடுத்துட்டு வேலைக்குப் போயிட்டேன்." இத்தனை வருஷத்தில் இதை அவள் வாய் சொன்னதில்லை. ஆதியிடம் இல்லை, சாமியிடம்கூட இல்லை. சொன்னதும் கூரை இடிந்து விழும் என்று நினைத்திருந்தாள் போலிருக்கிறது, கழுத்தை ஒடுக்கிக்கொண்டாள். கூரை அப்படியே இருந்தது. அடுத்த கட்டிலில் யாரோ இருமினார்கள். ஜெபரூபி தட்டைக் கட்டிலில் வைத்தாள். உங்கள் மேல் தப்பில்லை என்று சொல்லுவாள், சொன்னால் அவளை அடித்தாலும் அடித்துவிடுவேன் என்று உலகம்மாளுக்கு ஒரு நொடி வெறியாக வந்தது. ஜெபரூபி அப்படிச் சொல்லவில்லை. "ஊசியா, நெஞ்சா, நான் அங்க இல்லக்கா, எனக்குத் தெரியாது. ஆனா நெஞ்சு கரிக்குன்னு இங்க வாரவியள்ல பாதிப்பேரு ஓமத்தண்ணி குடிச்சிட்டுத்தான் வாராவ. குடுத்தவியதான் கூட்டிட்டும் வாராவ. தெனமும் பாக்கேன்" என்றாள். பிறகு, "போனவியளுக்கு என்ன செய்யன்னு எனக்குத் தெரியாது. இந்தக் காலுக்கு என்ன செய்யன்னு தெரியும்" என்றாள். உலகம்மாள் அழுதாள். தைக்கும்போது வராத சத்தமெல்லாம் சேர்ந்து வந்தது, பெஞ்சில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள், யார் செத்தது என்று ஒருவர் எட்டிப் பார்த்தார். ஜெபரூபி அவள் தோளில் கையை வைத்துக்கொண்டு நின்றாள், மணியைப் பார்க்கவில்லை. அழுகை ஓய்ந்ததும் உலகம்மாள் மூக்கைச் சிந்தி, ரவிக்கைக் கையைத் தானே மேலே சுருட்டினாள். சுருட்டிய விரலுக்கு அந்தச் சுருட்டு ஞாபகமிருந்தது, அதே மாதிரி, தோளுக்குக் கீழே, இரண்டு மடிப்பு. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பயம் போகவில்லை. குத்துவதற்கு முன்பே கத்திவிடுவோமோ என்றிருந்தது, நீ சொன்னா வெசத்தையும் குடிப்பேன் என்று காதுக்குள் ஒரு குரல் சிரித்தது. பஞ்சின் குளிர்ச்சி. பிறகு ஒரு குத்து, கொசு கடித்த அளவுகூட இல்லை. மற்ற கையில் இன்னொன்று. கெண்டைக்காலில் போட்டது வேறு, அது வலித்தது, சொன்ன மாதிரியே வலித்தது, அம்மா அம்மா என்று வாய்விட்டுக் கத்தினாள், கத்துவது நன்றாக இருந்தது.

ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போகச் சொன்னாள் ஜெபரூபி. இருந்தாள். ஒவ்வொரு நிமிஷமும் மூச்சு முட்டுகிறதா, கை கனக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். இப்படித்தான் இனிப் பதினோரு நாளும் பார்க்கப் போகிறாள் என்று தெரிந்தது. பதினோராம் நாள் காலை ஏழு மணிக்குத் தனக்கு என்ன ஆகும் என்று நினைத்ததுமே பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டுத் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். இறங்கியது. கண் திறக்காத நாலு குட்டிகளுக்கும் இன்றைக்கு யார் பால் ஊற்றுவார்கள் என்று நினைத்தாள். ஜெபரூபி வந்து ஒரு அட்டையைக் கொடுத்து, அதில் ஒரு கட்டத்தில் பேனாவால் வட்டம் போட்டாள். "அடுத்த ஊசி சனிக்கெழம. வந்துருவியள்லா?" வாரேன், வாரேன் என்பதற்குத்தான் உலகம்மாளின் நாக்கு எழுந்தது. அந்த வார்த்தையை அவள் ஆயிரம் வாசலில் கேட்டிருக்கிறாள். அதைச் சொன்னவர்கள் வந்ததில்லை என்று அவளுக்குத் தெரியும். அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். எழுந்து, இரண்டு காலையும் ஊன்றி நின்றாள்.

"எத்தன மணிக்கு வரணும் சிஸ்டர்?" என்று கேட்டாள்.